வாங்கவோ, பெறவோ, பொருத்தவோ

சார் என்று கூப்பிடும் பழக்கம் எனக்கு இல்லை. தோழர் என்றால் நீங்கள் நெளிவீர்கள். தம்பி என்றே வைத்துக்கொள்வோம். உட்காருங்கள் தம்பி. கடைக்கார பாய் மேலே கோடவுனுக்குப் போயிருக்கிறார். முழங்கால் வலிக்காரர், ஏறி இறங்க அரை மணி ஆகும். அதுவரை இந்த பெஞ்சுக்கு நீங்களும் நானும்தான்.

மடியில் இருக்கிற பையில் என்ன, ஏர் ஃபில்டரா? அம்பாசடருக்குத்தானே? எப்படித் தெரியும் என்று முழிக்காதீர்கள். பை புடைத்திருக்கிற வட்டத்தை வைத்தே சொல்வேன். எடுங்கள் வெளியே. உள்பக்கம் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். கறுப்பாக ஒட்டுகிறதா? வெளிப்பக்கம் தூசி இருந்தால் ஃபில்டர் வேலை செய்கிறது என்று பொருள். உள்பக்கம் இருந்தால் அது எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருக்கிற தூசி. காகிதத்தில் எங்கோ ஓட்டை. இருட்டில் உள்ளே ஒரு பல்பைப் பிடித்தால் ஓட்டை நட்சத்திரம் மாதிரி மின்னும். இது யார் வண்டி? மாமனார் வண்டியா? மாமனார் நல்ல மனிதர், ஃபில்டர் மாற்றாத நல்ல மனிதர்.

பாயிடம் எதைக் கேட்டீர்கள்? பச்சை டப்பாவா?

ம்.

நல்ல பொருள். நானே சொல்கிறேன். இந்த ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடை எல்லாம் அலைந்தாலும் உங்கள் வண்டிக்கு அதைவிட நல்லது கிடைக்காது. அந்தக் காகிதத்தை மடித்த கை இது. பதினான்கு வருஷம். ஒரு சுற்றுக்கு நூற்றுப் பன்னிரண்டு மடிப்பு. ஒன்று குறைந்தால் சூப்பர்வைசர் முகத்தில் எறிவான். நாங்கள் எண்ணாமலே எண்ணுவோம். கட்டை விரல் நகம் எண்ணும், வாய் பேசிக்கொண்டிருக்கும்.

ஆனால் நான் அதை வாங்க மாட்டேன். கம்பெனி பேரையும் என் வாயால் சொல்ல மாட்டேன். பச்சை டப்பா. அவ்வளவுதான் அதற்கு நான் தருகிற மரியாதை.

என் பேர் தணிகாசலம். எட்டாவதோடு நின்றவன். மற்றதெல்லாம் துண்டுப் பிரசுரத்தில் படித்தது. சிரிக்காதீர்கள், காலேஜில் படித்தவன் எழுதிய மனுவில் நான் பிழை திருத்தியிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் சங்கத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். நான் பொதுச் செயலாளர். எண்பத்தெட்டில் நூற்று நாற்பத்து மூன்று நாள் வேலைநிறுத்தம். தோற்றோம். அதை நான் மறைப்பதில்லை. எங்களில் அறுபது பேரை முதலாளி திரும்ப எடுத்துக்கொண்டான், மீதிப் பேரைத் தெருவில் விட்டான். கடைசி நாள் கேட் வாசலில் பொதுக்குழு கூடியது. நான் தீர்மானம் எழுதினேன். மனப்பாடமாகச் சொல்கிறேன், கேளுங்கள்: 'அந்தக் கம்பெனியின் எந்தப் பொருளையும் சங்கத்தின் உறுப்பினர் எவரும் எக்காலத்திலும் வாங்கவோ, பெறவோ, பொருத்தவோ கூடாது.' ஒரு சொல்லை எடுத்தால் கட்டடம் விழுந்துவிடும், அப்படி எழுதினேன். ஏகமனதாக நிறைவேறியது.

அந்தத் தீர்மானம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அந்த கேட் இல்லை. கம்பெனி எப்போதோ ஊருக்கு வெளியே போய்விட்டது. இடத்தில் பன்னிரண்டு மாடியில் குடியிருப்பு. தீர்மானம் மட்டும் இருக்கிறது.

அப்புறம் கார். சங்கத்துக் கார். மார்க் த்ரீ அம்பாசடர், வெள்ளை. ஆளுக்கு ஒரு நாள் கூலி போட்டு வாங்கியது. முதலாளி காரில் வருகிறான், நம் ஆள் பேச்சுவார்த்தைக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதா என்று பொன்னுரங்கம்தான் கிளப்பினான். கிளப்பியவனே ஓட்டுநரும் ஆனான்.

பொன்னுரங்கம் யார் என்று சொல்லவில்லையே. கோந்து செக்‌ஷன். நான் மடித்துத் தருவேன், அவன் விளிம்பில் கோந்து வார்த்து அடுப்பில் வேகவைப்பான். வேகவைப்பது என்றால் சும்மா இல்லை. கொஞ்சம் குறைந்தால் காகிதம் விட்டுவிடும், கொஞ்சம் கூடினால் நொறுங்கிவிடும். அவனுக்கு வாசனையிலேயே பதம் தெரியும். பதினைந்து வருஷம் அந்த வாசனையை மூக்கால் இழுத்தான். நுரையீரல் பிற்பாடு அதற்குப் பதில் சொன்னது.

வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சங்கத்துக்கு மிஞ்சியது அந்தக் கார்தான். ஒவ்வொரு மே தினத்துக்கும் கொடி கட்டி, பொன்னுரங்கம் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, பழைய கேட் இருந்த இடத்துக்குப் போவோம். இறங்கி ஒரு முழக்கம், திரும்பி வருவோம். நாலு வருஷம் முன்னால் அங்கே நின்ற செக்யூரிட்டி கேட்டான், "எந்த ஃப்ளாட்டு சார் போவணும்?" பொன்னுரங்கம் கண்ணாடியை இறக்கிச் சொன்னான், "நாங்க பழைய குடித்தனம்பா. காலி பண்ணச் சொன்னாங்க, இன்னும் பண்ணல." செக்யூரிட்டி நோட்டுப் புத்தகத்தில் அதை எழுதிக்கொண்டான்.

இத்தனை வருஷம் ஃபில்டர் தொல்லையே இல்லை. அந்தக் காலத்து வண்டிக்கு ஆயில் பாத் கிண்ணம். காற்று எண்ணெயில் மோதிவிட்டு உள்ளே போகும், தூசி எண்ணெயில் படிந்துவிடும், காகிதமே வேண்டாம். போன பொங்கலுக்கு அந்தக் கிண்ணத்தின் அடி துருப்பிடித்து விட்டுவிட்டது. எண்ணெயை எஞ்சின் குடித்தது. ஸ்டார்ட் பண்ணினால் தெரு முழுக்க கொசு மருந்து அடித்த மாதிரி புகை. வில்லிவாக்கத்து மெக்கானிக் பார்த்துவிட்டு, "இத்த தூக்கிப் போட்டுட்டு காகித ஃபில்டர் கூடு ஒண்ணு மாட்டித் தரேன் பெரியவரே. உள்ள போடறது மட்டும் பச்ச டப்பா வாங்கியாந்துருங்க. இந்த அளவுக்கு இப்ப அவங்க ஒருத்தர்தான் பண்றாங்க" என்றான்.

அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் பிறப்பதற்கு முன்னால் போட்ட தீர்மானம்.

பொன்னுரங்கம் அப்போது வீட்டோடு கிடந்தான். கொரட்டூரில் மகள் வீடு. மூக்கில் குழாய், கட்டில் பக்கத்தில் சிலிண்டர். போய்ச் சொன்னேன், இந்த மாதிரி கிண்ணம் போய்விட்டது என்று. அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "மே ஒண்ணுக்குள்ள ரெடியாயிடுமா தணிகா? இந்த ஒரு தடவ போய்ட்டு வந்துடறேம்பா. அடுத்தது எனக்கு இருக்கோ இல்லையோ." அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவனுக்கு எல்லாமே சிரிப்பு.

ஆகட்டும் என்றேன். ஒவ்வொரு நாளாக இந்தத் தெருவுக்கு வந்தேன். பாய் கடையிலிருந்து ஆரம்பித்து அந்தக் கோடி வரை. வெளிநாட்டுக் கூம்பு ஃபில்டர் ஒன்று காட்டினார்கள், சிவப்புத் துணி, ரேஸ் வண்டிக்குப் போடுவது. கார்புரேட்டர் வாய்க்குப் பொருந்தவில்லை. ஸ்பாஞ்சை வட்டமாக வெட்டிப் போடலாம் என்றான் ஒருவன், அது பாத்திரம் தேய்க்கத்தான் லாயக்கு. வடக்கிலிருந்து வருகிற பேரில்லாத அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. அளவு கிட்டத்தட்ட சரி. எடுத்து எண்ணினேன். எழுபத்தாறு மடிப்பு. வெட்கமாக இருந்தது தம்பி, செய்தவனுக்காக.

பாய் சொன்னார், "தலைவரே, பச்ச டப்பாவ போட்டுட்டு மேல ஒரு செவப்பு பெயிண்ட் அடிச்சுக்குங்க. யாரு பாக்கப் போறா?" பாய் நல்லவர். ஆனால் கொள்கை என்றால் என்ன என்று வியாபாரிக்கு விளங்க வைக்க முடியாது.

விஷயம் எப்படியோ எஸ்தர் காதுக்குப் போய்விட்டது. எஸ்தர் பேக்கிங் செக்‌ஷன். பெண்கள் பக்கம் அவள்தான் தலைமை. வேலைநிறுத்தத்தில் போலீஸ் வேன் முன்னால் படுத்தவள். அவள் எனக்கு எழுத்து மூலம் கொடுத்தாள்: தீர்மானத்தை ரத்து செய்யப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். எழுத்தில் கொடுத்தால் நான் மறுக்க முடியாது, அது விதி. விதியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் வர வேண்டிய ஆள், ஏழு பேர். முதலில் நாற்பது. ஆள் குறையக் குறைய, திருத்தம் கொண்டுவந்து கொண்டுவந்து ஏழில் நிறுத்தினோம். அதற்குக் கீழே இறக்க முடியாது. ஏழு பேர் இல்லாவிட்டால் சங்கமே இல்லை, சட்டம் அப்படி. நானூற்றுப் பன்னிரண்டில் அன்றைக்கு உயிரோடு இருந்து சந்தா கட்டியவர்கள் சரியாக ஏழு. அதில் பொன்னுரங்கம் ஒருவன். அவன் வர முடியாதே. ஆகவே கூட்டம் அவன் கட்டிலைச் சுற்றி.

ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு, காலை பதினொரு மணி. அவன் மகள் எல்லோருக்கும் மோர் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். நான் தலைமை. குறிப்பேட்டைத் திறந்து, மறைந்த தோழர்களுக்கு ஒரு நிமிஷம் மௌனம் என்றேன். எல்லோரும் எழுந்தார்கள். பொன்னுரங்கமும் எழப் பார்த்தான். எஸ்தர் தோளை அமுக்கினாள். "நீ படு அண்ணே. ஒனக்கு அவசரம் வேணாம்."

பொருள் ஒன்றே ஒன்று. காருக்கு ஏர் ஃபில்டர். எஸ்தர் பேசினாள்.

"அண்ணே, அந்த மொதலாளி செத்து பத்து வருசமாச்சு. புள்ளைங்க கம்பெனிய வித்துட்டாங்க. வாங்குனவன் யாருன்னு நமக்கும் தெரியாது, நம்மள அவனுக்கும் தெரியாது. டப்பாதான் பச்ச. யாரு மேல கோவம்?"

நான் சொன்னேன், "தீர்மானத்தில் முதலாளி என்று இல்லை. கம்பெனி என்று இருக்கிறது."

"ஒரு மனுசன் ஒரு தடவ கார்ல போவணும்னு கேக்கறாரு."

"அந்த மனுசனும்தான் அன்றைக்குக் கை தூக்கினார்."

"அப்ப அவருக்கு மூச்சு இருந்துச்சு அண்ணே."

இது வாதமா? நீங்களே சொல்லுங்கள். உணர்ச்சியைத் தூண்டிப் பேசுவது எனக்குத் தெரியாதா? அதில் பாதியை அவள் என்னிடம் கற்றவள். ஓட்டுக்கு விட்டேன். ரத்து செய்ய ஆதரவு, எஸ்தரும் இன்னும் இரண்டு பேரும். எதிர்ப்பு, முதலில் இரண்டு கை. அதில் ஒருவருக்குக் காது கேட்காது, எப்போதும் என் முகத்தைப் பார்த்துத் தூக்குகிறவர், இருந்தாலும் ஓட்டு ஓட்டுதான். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பு இரண்டு என்று எழுதி முடிப்பதற்குள் எஸ்தர் குரல்.

"அண்ணே. பொன்னுரங்கம் அண்ணன் ஒங்க பக்கம் தூக்கியிருக்காரு. பாருங்க. எழுதறத நிறுத்திட்டு ஒரு தடவ பாருங்க."

பார்த்தேன். படுத்தபடியே கையை முழங்கை வரை தூக்கியிருந்தான். முழுதாகத் தூக்க முடியவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சிரித்துக்கொண்டு.

கவனித்தீர்களா தம்பி? அந்த நிலைமையிலும் மனிதன் கொள்கையை விடவில்லை. அதனால்தான் சொல்கிறேன், அவனைப் போல ஒரு தோழன் எனக்கு இல்லை.

மூன்றுக்கு மூன்று. சமமாக வந்தால் தலைவர் ஓட்டு. தலைவர் ஓட்டு எப்போதும் இருக்கிற நிலையைக் காக்கத்தான் விழ வேண்டும், அது எல்லாச் சபையிலும் உள்ள மரபு. நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன். 'தீர்மானம் தொடர்கிறது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். எஸ்தர் போடவில்லை. பொன்னுரங்கம் போட்டான். போட்டுவிட்டு, "சரிப்பா, வேற எதனா மாட்டி எடுத்துட்டு வா, போவோம்" என்றான்.

பேரில்லாத அட்டைப் பெட்டியை வாங்கினேன். எழுபத்தாறு மடிப்பு. கூட்டில் வைத்தபோது ஒரு பக்கம் ஆடியது. சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி அடியில் கொடுத்து மூடியை இறுக்கினேன். வண்டி பிடித்தது, புகை இல்லை. தெருவையே இரண்டு சுற்றுச் சுற்றினேன். கொள்கையோடும் வாழலாம் என்று எஸ்தருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

மே ஒன்று. காலை எட்டு மணி. பொன்னுரங்கத்தை நாற்காலியோடு தூக்கி வந்து முன் சீட்டில் வைத்தோம். சிலிண்டர் காலடியில். பின்னால் எஸ்தரும் காது கேட்காதவரும் கொடியும். மே தினத்துக்கு முதல் தடவையாக நான் ஓட்டினேன், அவன் பக்கத்தில். "கிளட்ச்ச ஏன்யா மொதலாளி மாரி மிதிக்கற? அதுவும் வேல செய்யற ஜாதிதான்" என்றான். எஸ்தர்கூடச் சிரித்துவிட்டாள். அந்த ஐந்து நிமிஷம் நன்றாக இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

ரயில்வே மேம்பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் திணறியது. இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது. நின்றுவிட்டது. பாதி ஏற்றம். பின்னால் பஸ், அதன் பின்னால் லாரி, எல்லோரும் ஹாரன். பானெட்டைத் தூக்கிக் கூட்டைத் திறந்தேன். காகிதம் விளிம்பை விட்டு மொத்தமாகக் கழன்று, கசங்கி, கார்புரேட்டர் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு துண்டு உள்ளேயும் போய்விட்டது. கையில் எடுத்துக்கொண்டு அவன் ஜன்னலுக்குப் போனேன். வாங்கிப் பார்த்தான். விளிம்பை மூக்கருகே கொண்டுபோனான். குழாய் இடித்தது. அதை ஒதுக்கிவிட்டு மோந்தான்.

"கோந்து வேகலப்பா" என்றான். "நம்ம செக்‌ஷனா இருந்தா இது கேட்டத் தாண்டியிருக்காது."

காகிதத்தை அவனிடமிருந்து வாங்கிச் சட்டைப் பையில் திணித்தேன்.

பாலத்துக்கு மேலே ஏறினால் அந்தப் பன்னிரண்டு மாடி தெரியும். நாங்கள் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. யாரோ இரண்டு ஆட்டோக்காரர்கள் வந்து வண்டியைப் பின்னுக்குத் தள்ளி ஓரம் கட்டினார்கள். சிலிண்டர் முள் இறங்குகிறது என்று எஸ்தர் கத்தினாள். அதே ஆட்டோவில் அவனை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவன் போகும்போது கொடியைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். நான் காரோடு நின்றேன். சங்கத்துச் சொத்தைத் தெருவில் விட்டுவிட்டுப் போக முடியுமா?

பதினோராம் நாள் அவன் போய்விட்டான்.

காடு வரை எஸ்தர் வந்தாள். பெண்கள் வரக்கூடாது என்று யாரோ சொன்னதற்கு அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் சொன்னவன் ஒதுங்கி வழிவிட்டான். எல்லாம் முடிந்து கை கால் கழுவும்போது என்னிடம் வந்து சொன்னாள், "ஜெயிச்சிட்டீங்க அண்ணே." அவ்வளவுதான். அது பாராட்டா வேறெதுவுமா என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்றால், ரொம்ப நாள் யோசிக்கவில்லை. ஒரு இருபது நாள்.

இப்போது ஆறு பேர். கோரம் ஏழு. புரிகிறதா? இனி அந்தத் தீர்மானத்தை யாராலும் ரத்து செய்ய முடியாது. நானே விரும்பினாலும் முடியாது. போன மாதம் எஸ்தரிடம் போய் அதைத்தான் சொன்னேன். ரத்து செய்யலாமா என்று கேட்கப் போனேன் என்று நினைக்காதீர்கள். நிலைமையைத் தெரிவிக்கப் போனேன். கதவுக்கு உள்ளே நின்றபடியே, "சங்கமே இல்லன்னா தீர்மானம் ஏது அண்ணே?" என்றாள். சங்கம் இருந்தபோது போட்டது, செல்லும் என்றேன். "அப்ப அதோடயே இருங்க" என்று கதவைச் சாத்தினாள்.

கார் ஷெட்டில் நிற்கிறது. கூடு திறந்தபடி இருக்கிறது. மாதம் ஒரு தடவை இங்கே வந்து பாயைக் கேட்பேன், வேறு யாராவது இந்த அளவில் செய்ய ஆரம்பித்திருக்கிறார்களா என்று. யார் செய்வார்கள்? வண்டியே நின்றுபோன வண்டி.

இதோ, பாய் இறங்குகிறார். மெதுவாக, பாய், மெதுவாக. ஆமாம், இந்தத் தம்பியிடம்தான் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிரியுங்கள் தம்பி. கொஞ்சம் இப்படிக் கொடுங்கள். தொடலாம், தொடுவதற்குத் தடை இல்லை, நான்தான் எழுதினேன் என்றேனே. இருங்கள். பேசாதீர்கள், எண்ணுகிறேன்.

நூற்றுப் பன்னிரண்டு.

இன்னொரு தடவை.

நூற்றுப் பன்னிரண்டுதான். கோந்தும் வெந்திருக்கிறது. நகம் இறங்கவில்லை பாருங்கள். நாங்கள் போன பிறகு சரக்கு கெட்டுவிட்டது என்று எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன் தெரியுமா? ஒரு தடவைகூட டப்பாவைத் திறந்து பார்க்காமல். எங்கள் கை இல்லாமலே எங்கள் மடிப்பு வந்துகொண்டிருந்திருக்கிறது, இத்தனை வருஷமும்.

பிடியுங்கள், உங்களுடையது.

என்ன இது? பாய், ஏன் இரண்டு டப்பா? இவர் ஒன்றுதானே கேட்டார்? எனக்கா? நான் எண்ணிக்கொண்டிருந்தபோதே இன்னொன்று எடுக்கச் சொல்லிவிட்டீர்களா?

உங்கள் மனசு புரிகிறது தம்பி. நீங்கள் உறுப்பினர் இல்லை, உங்களை அது கட்டுப்படுத்தாது, நீங்கள் வாங்கலாம். நான் வாங்கவில்லைதான், நீங்கள் தருகிறீர்கள். அந்த வழியையும் அன்றைக்கே அடைத்துவிட்டேன். 'வாங்கவோ' என்று எழுதிவிட்டு, யோசித்து, பக்கத்தில் 'பெறவோ' என்று சேர்த்தேன். கேட் வாசலில், கார் பானெட் மேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். பொன்னுரங்கம் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டுக் கேட்டான், "இது எதுக்குப்பா? நமக்கு எவன் சும்மா தரப் போறான்?"

எதிரியை அவ்வளவு லேசாக எடை போடாதே என்றேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவனும் தட்டினான்.

எடுத்துக்கொண்டு போங்கள் தம்பி. இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். அப்படிப் பிடிக்காதீர்கள், மடிப்பு நசுங்கும். விளிம்பைப் பிடியுங்கள்.